தண்ணி பத்தலையா என்று கேட்ட மாமாவுக்கு

கிளென்மார்கன்,
சித்திரைக் கடைசி.

மதிப்புக்குரிய நவநீதன் மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை ராஜகுமாரியின் மகள் தாரிணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அங்கே புளியம்பட்டியில் நீங்களும் அத்தையும் மாடு கன்றுகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தாய்மாமனுக்கு என் வயதுப் பெண் இப்படித் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்து எழுதுவது முறையில்லை என்று தெரியும். போனில் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் நீங்கள் கூப்பிடும்போது போனை எடுப்பவள் நான்தான். "நல்லா இருக்கறயா கண்ணு, அப்பங்கிட்டக் குடு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறீர்கள். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லவே இடமில்லாத அந்த மூச்சுக்குள் ஒரு தோட்டத்தின் கதையை நான் எங்கே நுழைப்பது? எனக்குப் பொதுவாகவே பேச வராது. எழுத வரும். அதனால்தான் இது. கோபமாக எழுதியிருப்பதாகத் தோன்றினால், கோபமாகத்தான் எழுதியிருக்கிறேன்.

எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் சரிவில் இருக்கும் தோட்டத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். தோட்டம் என்பது பெரிய வார்த்தை. நாலு பாத்தி. நிலம் கம்பெனிக்குச் சொந்தம், வீடும் அப்படித்தான். வீட்டுக்குப் பின்னால் யார் எவ்வளவு கொத்திக்கொள்ளலாம் என்பதற்கு ஆபீசில் சட்டம் எதுவும் கிடையாது. லைனில் உண்டு. பச்சை இருக்கிறவரைக்கும் அது உன் பாத்தி. மண்ணை வெறுமையாகப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கொடி அதில் இறங்கலாம், யாரும் கேட்க முடியாது. இந்தச் சட்டத்தை யாரும் மீறி நான் பார்த்ததில்லை. ஃபேக்டரியில் முப்பது வருடமாகத் தேயிலை உலர்த்தும் அப்பாவுக்கு, உலகத்தில் "நம்முது" என்று சொல்லிக்கொள்ள இருக்கும் மண் அது மட்டும்தான். வேலை விட்டு வந்ததும் டீ குடிப்பதற்கு முன்னால் அங்கே போய் நின்றுவிட்டுத்தான் வருவார். அந்த மண்ணைத்தான் மாமா, நீங்கள் ஒரே வருடத்தில் மூன்று முறை மொட்டையடித்திருக்கிறீர்கள்.

போன ஆடியை நினைத்துப் பாருங்கள். "ஆடிப்பட்டம் தேடி வெதைக்கோணும் மாப்ளே, உட்டுப்போட்டீங்கன்னா வருசமே போச்சு" என்று நீங்கள் போனில் முழங்கினீர்கள். பஸ்ஸில் வெண்டை, கத்தரி, கொத்தவரை என்று விதைப் பொட்டலம் வந்து சேர்ந்தது. உங்கள் ஊரில் ஆடி எப்படி இருக்குமோ எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் ஆடி மாதம் சூரியன் கேள்விப்பட்ட விஷயம் மட்டும்தான். துவைத்த சட்டை அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் நாள்கணக்கில் தொங்கி, கடைசியில் காயாமல் புகை வாசத்தோடு உடம்புக்கு வரும். அந்த மழையில் அப்பா தலைக்குப் பிளாஸ்டிக் படங்கு போட்டுக்கொண்டு குழி போட, அம்மா விதைக்குக் குடை பிடித்தாள். ஆமாம் மாமா, விதைக்கு. அப்பாவுக்கு இல்லை. மறுநாள் பாத்தி இருந்தது, விதை இல்லை. எல்லாம் வாய்க்காலோடு இறங்கிப் போய், தண்ணிக் குழாயடியில் ஒரே ஒரு வெண்டை மட்டும் முளைத்து, ஒரு சாண் உயரத்தில் குளிரில் நின்றுபோனது. காய்க்கவில்லை. ஆனாலும் அது உங்கள் விதை என்பதற்காக அப்பா அதைச் சுற்றிக் குச்சி நட்டு வேலி கட்டினார். ஞாயிற்றுக்கிழமை அவர் இதையெல்லாம் பயந்து பயந்து சொன்னபோது நீங்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"தண்ணி பத்தலையாட்ட இருக்குதுங்களே மாப்ளே?"

அப்பா எப்போதும் உங்கள் போனை ஸ்பீக்கரில் போடுவார். நாலு பேருக்குப் பயன்படட்டும் என்பார். அன்றைக்கு நாலு பேருக்கும் பயன்பட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் தபித்தாள் அக்கா சிரித்த சிரிப்பில் எங்கள் வீட்டுத் தட்டு ஆடியது. அப்பா சிரிக்கவில்லை. கொட்டுகிற மழையில், குடத்தோடு போய், வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார்.

அதோடு விட்டீர்களா? தையில் தக்காளி நாற்று அனுப்பினீர்கள். பொங்கல் அன்றைக்கே நட வேண்டும் என்று உத்தரவு. எங்கள் ஊரில் தை மாதம் விடியும்போது புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல வெளுத்துக் கிடக்கும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது, கொஞ்ச நேரம் இருமல்தான் வரும். பொங்கலுக்கு மறுநாள் போய்ப் பார்த்தால் ரெண்டைத் தவிரத் தக்காளிச் செடிகள் எல்லாம் வேகவைத்த கீரைபோலக் கருத்துப் படுத்துவிட்டன. பனி கருக்கிவிட்டது என்று நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா உங்களிடம் "கருகிப்போச்சுங்க மச்சான்" என்று மட்டும் சொன்னார். நீங்கள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "வெய்யலு தாங்குலீங்க. தென்னங்கீத்துல நெழல் கட்டுங்க" என்றீர்கள்.

மாமா, கிளென்மார்கனில் ஒரு தென்னை மரம் காட்டுங்கள். அப்பா விட்டாரா? காய்கறி லாரி ஓட்டும் ராசு அண்ணனிடம் சொல்லி மேட்டுப்பாளையத்திலிருந்து கீற்று வரவழைத்தார். "என்னங்க பரமசிவண்ணா, ஊட்டுல கல்யாணமா? பாப்பாவுக்குப் பாத்தாச்சா?" என்று ராசு அண்ணன் லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அப்பா, "இல்லப்பா, தக்காளிக்கு" என்றார். அன்றைக்கு நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற வெயிலையும் கீற்று மறைத்துவிட, பிழைத்திருந்த ரெண்டு நாற்றும் போய்ச் சேர்ந்தன. பிறகு ஒரு விடிகாலையில் காட்டெருமை ஒன்று இறங்கி வந்து பந்தலை முட்டியது. ஒரு கீற்று கொம்பில் மாட்டிக்கொள்ள, அப்படியே தலைக்கு நிழல் கட்டிக்கொண்டு நிதானமாகத் தேயிலைக்குள் நடந்து போனது. உங்கள் யோசனையால் பலன் அடைந்தது அது ஒன்றுதான்.

இதையும் பொறுத்துக்கொண்டேன். சித்திரையைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்களுக்குக் கிடைக்கிற நல்ல காலமே அதுதான். பனி போய்விட்டது, பெருமழை இன்னும் வரவில்லை, சாயங்காலம் ஒரு தூறல், காலையில் இளவெயில். லைனே பாத்தியில் குனிந்து கிடக்கிறது. உருளைக்கிழங்கு ஊன்றாத வீடில்லை. எங்கள் வீட்டில் மட்டும் அப்பா கைகட்டி நிற்கிறார். ஏனென்றால் நீங்கள், "சித்திரையில மண்ணத் தொடப்படாதுங்க. கொத்திக் காயப்போடுங்க. கோடை ஒழவு கோடி நன்மை" என்று சொல்லிவிட்டீர்கள். அப்பளமே காயாத ஊரில் மண்ணைக் காயப்போடச் சொன்ன முதல் மனிதர் நீங்கள்தான்.

நான் சொன்னேன் மாமா. சொல்லாமல் இல்லை. "அப்பா, இப்ப நடலீன்னா அப்பறம் மழை புடிச்சுக்கும்" என்றேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

"நீ படிச்சது சரித்திரம் கண்ணு. மாமன் சொந்தமா ரெண்டு ஏக்கரா மண்ணு வெச்சிருக்கறவரு. மண்ணு வெச்சிருக்கறவங்க சொன்னாத்தான் மண்ணு கேக்கும்."

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். வேலைக்கான தேர்வு எழுத இப்போதும் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்பவரும் அப்பாதான். ஆனால் கொத்தமல்லி எப்போது தூவுவது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்ததை நான் புத்தகத்தில் படிக்கவில்லை மாமா. கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் விடிந்தும் விடியாமலும் லைன் வழியாக நடந்து பஸ்ஸுக்குப் போவேன். யாராவது பார்த்துப் பேசிவிடுவார்களோ என்று கூச்சம், அதனால் தலையைத் தூக்கியதே இல்லை. மூன்று வருடமும் தரையைத்தான் பார்த்திருக்கிறேன். எந்தப் பாத்தியில் பனி முதலில் விழும், யார் வீட்டுப் பட்டாணி எப்போது பூத்தது, எந்த மாதம் புதினா கருகி மறுபடி எந்த மாதம் தலைநீட்டும் என்று எல்லாம் எனக்குத் தெரியும். நீங்கள் இந்த மலைக்கு ஒரே ஒருமுறை வந்தீர்கள். மலர்க் கண்காட்சி பார்த்தீர்கள், வர்க்கி பிஸ்கட் வாங்கினீர்கள், காது வலிக்கிறது என்று மத்தியான பஸ்ஸிலேயே கீழே இறங்கிவிட்டீர்கள்.

போன வாரம் நடக்க வேண்டியது நடந்தது. காலையில் பார்த்தால் எங்கள் கடைசிப் பாத்தியில் ஒரு மூங்கில் கால் நிற்கிறது. தபித்தாள் அக்காவின் மேரக்காய்ப் பந்தல், நீங்கள் சௌசௌ என்பீர்களே, அது ஓர் அடி நகர்ந்து எங்கள் பக்கம் வந்திருந்தது. பேச வராவிட்டாலும் போய்க் கேட்டேன்.

"அக்கா, இது எங்க பாத்தி."

"யாரு இல்லேன்னா? பச்சை எங்க?"

"காயப்போட்டிருக்கு."

"என்னது?"

"மாமா காயப்போடச் சொன்னாரு."

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மண்ணைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அடியே, உங்க மாமா சொன்னா சொன்னதுதான், நான் பெரிய மனுசனைக் குறை சொல்லல. ஆனா என் கொடிக்கு அவரு போன் நம்பர் தெரியாதே! மழை புடிக்கிறதுக்குள்ள பச்சை தெரிஞ்சா காலைப் புடுங்கிக்கிறேன். தெரியலைன்னா பந்தலை அப்படியே இழுத்துடுவேன். அப்புறம் அழக் கூடாது."

அவர் கெட்டவர் இல்லை. சட்டப்படிதான் பேசினார். அதனால் அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்து உங்கள் கணக்கில்தான் வருகிறது. அப்பா அந்த மூங்கில் காலைப் பார்த்தார். அன்றைக்கு டீ ஆறிப்போனது.

ஆகவே மாமா, பணிவோடும் உறுதியோடும் சொல்கிறேன். இனிமேல் தயவுசெய்து எங்கள் தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். விதை அனுப்பாதீர்கள். நாற்று அனுப்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் உடம்பை விசாரியுங்கள், மாட்டை விசாரியுங்கள், விதைக்கும் பட்டத்தை விசாரிக்காதீர்கள். உங்கள் பட்டம் உங்கள் ஊரோடு இருக்கட்டும். அது மலையேறினால் அதற்கும் காது வலிக்கும்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் ரெண்டு ஏக்கருக்கும் வேண்டிய நேரத்தில் மழையும், கிணற்றில் வற்றாத தண்ணீரும், மஞ்சளுக்கு நல்ல விலையும் கிடைக்க எங்கள் லைன் முனீஸ்வரனிடம் வேண்டிக்கொள்கிறேன். அம்மாவும் உங்களைக் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
தாரிணி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்த பிறகு அப்பா வேலை முடிந்து வந்தார். எழுதிய வேகத்தில் எனக்குக் கொஞ்சம் தைரியம் மிச்சம் இருந்தது. எல்லாவற்றையும் அவரிடமே நேராகச் சொல்லிவிட்டேன். உருளைக்கிழங்கு இப்போதே ஊன்ற வேண்டும்; பீன்ஸ், முள்ளங்கி, கொத்தமல்லி இந்த வாரமே; ஆடியில் புதிதாக எதுவும் விதைக்கக் கூடாது; மழை தணிந்து ஆவணியில் முட்டைக்கோஸ் நாற்று; கார்த்திகைக்கு மேல் பனி தாங்காத எதையும் மண்ணில் வைக்கக் கூடாது; மறுபடி பீன்ஸ் பங்குனியில்தான். அப்பா உட்கார்ந்தபடி முழுக்கக் கேட்டார். இதுவரை நான் பேசியதை அவர் முழுக்கக் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு, "செரியாத்தான் கண்ணு இருக்குது" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு சொன்னார்: "ஞாயித்துக்கெழம மாமனுகிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போட்டு ஆரம்பிச்சிரலாம்."

அதனால் மாமா, மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கூப்பிடுங்கள். காலையிலேயே கூப்பிட்டால் இன்னும் நல்லது. இந்தப் பின்குறிப்பில் நான் சொன்னதை அப்படியே, நீங்களே யோசித்துச் சொல்வதுபோல, அப்பாவிடம் சொல்லுங்கள். இது பொய் ஆகாது. எங்கள் வீட்டில் எந்த உண்மையும் உங்கள் வாய் வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஒரே ஒரு விஷயம் மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். நீங்கள் விவசாயம் பேசும்போதெல்லாம் அப்பா எழுந்து நின்றுதான் கேட்பார், உங்களுக்குத் தெரியாது. தன்மையாகச் சொல்லிவிடாதீர்கள், சந்தேகப்படுவார். வழக்கம்போல அதட்டியே சொல்லுங்கள். முளைவிட்ட கிழங்கை அம்மா கூடையில் எடுத்து வைத்திருக்கிறாள். அப்பா எழுந்து நின்றதும் நான் அந்தக் கூடையை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.