கருப்பர் சொன்ன நாடகம்

‘நெற்றிக்குங்குமம் நித்யா’ முடிந்த அன்று ராத்திரி எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

வருஷக்கணக்காக நித்யா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். எட்டு மணிக்கு வருவாள், அழுவாள், எட்டரைக்குப் போய்விடுவாள். அவளுடைய மாமியார் அவளுக்குப் பாலில் விஷம் கலந்தபோது என் மனைவி ராக்கு உத்தரகோசமங்கை அம்மனுக்கு விளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டாள். நித்யா பிழைத்ததும் போட்டும் விட்டாள். கடைசி நாளில் செத்தவர்கள் தவிர மற்ற எல்லோரும் வரிசையாக நின்று சிரித்தார்கள். ‘நன்றி’ என்று எழுத்துப் போட்டார்கள். ராக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இனிமே எட்டு மணிக்கு நான் என்னத்த செய்வேன்?” என்றாள்.

பார்க்கப் பாவமாக இருந்தது. கட்டிக்கொடுத்த மகள் பரமக்குடிக்குப் போனபோதுகூட அவள் இப்படி உட்காரவில்லை. அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். தட்டிக்கொண்டே, எனக்கு விடிவுகாலம் வந்துவிட்டது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் இருளாண்டி. மிளகாய் விவசாயம். பீடி, வெற்றிலை, சீட்டு எதுவும் கிடையாது. எனக்கு இருப்பது ஒரே ஒரு ஆசை, மீன். திருப்பாலைக்குடியிலிருந்து மதார் என்ற பையன் ஐஸ் பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு பதினோரு மணிவாக்கில் எங்கள் தெருவுக்கு வருவான். ராக்கு வாங்கிக் கழுவிப் பிரிட்ஜில் வைப்பாள். பொழுது சாயக் குழம்பு வைப்பாள். நான் மிளகாய்க் கொல்லையிலிருந்து வந்து, குளித்து, டீக்கடையில் ஊர்க்கதை பேசிவிட்டு உலைச்சோறு மாதிரிக் கொதிக்கிற பசியோடு எட்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைவேன். அப்போது நித்யா அழ ஆரம்பித்திருப்பாள்.

“அங்கன மூடி வச்சிருக்கேன். போட்டுத் தின்னுங்க” என்பாள் ராக்கு, திரும்பிப் பாராமலே.

மறுநாள் மீன்குழம்புக்கு ருசி அதிகம் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். அது மறுநாள். அன்றைக்கே வைத்து அன்றைக்கே ஆறிப்போன மீன்குழம்பு இருக்கிறதே, அது ரெண்டுங்கெட்டான். பொரித்த மீனோ ஈரத்துணி மாதிரி தொங்கும். நித்யாவின் கண்ணீர் மட்டும்தான் எங்கள் வீட்டில் சூடாக இருந்தது. வருஷக்கணக்காக இதைத் தின்ற ஒரு மனிதன் என்ன முடிவுக்கு வருவான்? நானும் வந்தேன். அடுத்த நாடகத்தை நான்தான் தேர்ந்தெடுப்பது. அதுவும் ராக்கு உட்கார்ந்து பார்க்கவே முடியாத நாடகமாக இருக்கவேண்டும்.

எட்டு மணிக்கு வெவ்வேறு சேனலில் புதிதாக இரண்டு நாடகங்கள் தொடங்கவிருந்தன. ஒன்று ‘அண்ணன் வீட்டுச் சீதனம்’. விளம்பரத்திலேயே மூன்று பேர் அழுதார்கள். இன்னொன்று ‘கிணற்றடிக் கொலை’. விளம்பரத்தில் ஒரு கை மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து மேலே வந்தது. கோழி அறுப்பதைப் பார்த்தாலே ராக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆக, எட்டு மணிக்குக் கொலை ஓடினால் ராக்கு அடுப்படிக்கு ஓடுவாள். அடுப்படியில் அவள் சும்மா நிற்கமாட்டாள். தோசைக்கல்லில் மீன் விழும். என் கணக்கு அவ்வளவுதான்.

மறுநாளே பேச்சைத் தொடங்கினேன்.

“ஏ ராக்கு, கிணத்தடிக் கொலைன்னு ஒண்ணு போடுறானாம். அதைப் பாப்பமா?”

“வெளக்கு வச்ச நேரத்துல கொலையவா பாக்குறது? நல்லா இருக்கே.”

“கொலைய மட்டுமா காட்டுறான்? கண்டுபிடிக்கிறதையும் காட்டுறான்.”

“கண்டுபிடிச்சு? செத்தவுக எந்திரிச்சு வந்துருவாகளா?”

“நித்யாவுக்கு மாமியாக்காரி வெசம் வச்சாளே, அது மட்டும் என்னவாம்?”

“அது குடும்பம்” என்றாள் ராக்கு.

 குடும்பம் என்று சொல்லிவிட்டால் உலகத்தில் எந்த வக்கீலும் கட்டை மடித்துவிடுவான்.

“வேணும்னா நீங்க போன்ல பாத்துக்கிருங்க.”

“போன்ல எனக்குக் கண்ணு தெரியலத்தா.”

“மீன்ல முள்ளு மட்டும் தெரியுது.”

இப்படியே இரண்டு நாள் போனது. எட்டு மணிக்கு டி.வி. அணைந்தே கிடந்தது. அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சொன்னால் வெட்கம், எங்களுக்குப் பேச ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷமாக நாங்கள் பேசியதெல்லாம் நித்யாவைப் பற்றித்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஏதாவது ஒரு நாடகம் வேண்டும் என்பதில் இருவருக்கும் வேற்றுமை இல்லை. எது என்பதில்தான் வழக்கு.

வழக்கு என்றதும் எனக்குக் கருப்பர் ஞாபகம் வந்தார்.

எங்கள் ஊரில் கிணறு வெட்டுவதா, பெண் எடுப்பதா, எதுவானாலும் கருப்பணசாமி கோயிலில் பூக் கேட்பது வழக்கம். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம். வாழையிலையில் வைத்து நூல் சுற்றி, சாமி காலடியில் போடுவோம். சிவப்புக்கு ஒரு காரியம், வெள்ளைக்கு ஒரு காரியம் என்று மனதில் நினைத்துக் கேட்பவர் ஒருவர். பொட்டலத்தை எடுப்பவர் வேறொருவர். எடுத்த பொட்டலத்தில் என்ன பூ இருக்கிறதோ அதுதான் சாமியின் தீர்ப்பு. அதற்கு மேல் எவனும் பேசக்கூடாது.

“நமக்குள்ள எதுக்கு மல்லுக்கட்டு? கருப்பர்ட்டயே கேட்டுருவோம்” என்றேன். “செவப்புன்னா ஒன் சீதனம். வெள்ளைன்னா என் கொலை. நான் கேக்குறேன். நீ எடு.”

ராக்கு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“சாமி சொன்னா நான் என்ன சொல்லப்போறேன்?” என்றாள்.

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டாளே என்று நான் யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் பின்னால் கருவேல மரத்து மறைவில் உட்கார்ந்து இரண்டு பொட்டலம் கட்டினேன். இரண்டிலும் வெள்ளை அரளி. “கருப்பா, மன்னிச்சுக்கோ. நீ கெடா கேக்குற சாமி. சூடாச் சாப்பிடணுங்கிற ஆசை ஒனக்குத் தெரியாதா?” என்று முணுமுணுத்துக்கொண்டேன்.

பூசாரி முனியசாமி எனக்கு மச்சான் முறை. அதாவது ராக்குவுக்குப் பெரியப்பா மகன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் விபூதித் தட்டைக் கீழே வைத்தார்.

“மாப்ள, பரம்பரையா பூசை வைக்கிறோம். டி.வி. நாடகத்துக்குப் பூக் கேட்ட மொத ஆளு நீருதான்.”

“வீட்டுல சமாதானம் வேணும்ல மச்சான்.”

அவர் மணி அடித்தார். நான் கண்ணை மூடிக் கேட்டேன். ராக்கு குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். வெள்ளை. கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“சாமி சொல்லிருச்சு. கொலைதான்” என்றாள்.

இன்னொரு பொட்டலத்தை மடியில் செருகலாம் என்று நான் குனிவதற்குள் முனியசாமி அதை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டார். “சாமி பூவக் கண்ட எடத்துல போடப்படாது மாப்ள. நான் பாத்துக்கிறேன்.” பார்த்துக்கொள்ளட்டும். தீர்ப்பு வந்தாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் மதாரின் பைக் நின்றது. ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்திருந்தான்.

“மாமா, முரல் மாமா! விடியக்காலம் பட்டது. கண்ணப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு.”

பார்த்தேன். அந்த மீனும் என்னைப் பார்த்தது. ராத்திரி எட்டேகாலுக்கு அது தோசைக்கல்லில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சட்டியை எடுக்க உள்ளே கை நீட்டினேன்.

“ஏய்யா மதாரு, எங்க வீட்டுக்கு வேணாம்” என்றாள் ராக்கு.

“ஏன்?” என்று நானும் மதாரும் ஒரே குரலில் கேட்டோம்.

“பூக் கேட்டிருக்குல்ல. காரியம் முடியுற வரைக்கும் கவுச்சி ஆகாது.”

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். வழக்கம் அதுதான். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த வழக்கம். பூ விழுந்த காரியம் முடிகிற வரைக்கும் மீன், கறி, கருவாடு எதையும் தொடக்கூடாது. கிணற்றுக்கு என்றால் தண்ணீர் ஊறும் வரை. கல்யாணத்துக்கு என்றால் தாலி ஏறும் வரை. அதெல்லாம் ஏதோ ஒரு நாள் முடிகிற காரியங்கள்.

“இந்தக் காரியம் எப்ப ராக்கு முடியும்?”

“நாடகம் முடியும்போது.”

“நாடகம் எப்ப முடியும்?”

“அத நீங்க அந்தக் கொலையக் கண்டுபிடிக்கிற போலீஸ்காரரத்தான் கேக்கணும்.”

மதார் பெட்டியை மூடினான். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் போவதைப்போல வண்டியை உருட்டிக்கொண்டே போனான். அதன் பிறகு எங்கள் தெருவுக்கு வந்தால் அவன் ஹாரன்கூட அடிப்பதில்லை என்று சொன்னார்கள். என்மேல் அவ்வளவு இரக்கம்.

‘கிணற்றடிக் கொலை’ தொடங்கியது. முதல் நாள் ராக்கு கதவுக்குப் பின்னால் நின்றாள். மறுநாள் தலையை மட்டும் நீட்டினாள். அதற்கடுத்த நாள் டி.வி.க்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். அடுப்படிப் பக்கம் போகவே இல்லை.

“அங்கன கூட்டு வச்சிருக்கேன். போட்டுத் தின்னுங்க.”

ஆறிப்போன மீன்குழம்பை நான் எப்படியெல்லாம் ஏசியிருக்கிறேன்! ஆறிப்போன புடலங்காய்க் கூட்டைத் தின்றுகொண்டே அந்த ஏச்சை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

“எனக்கு அந்தப் பால்காரன் மேலதான் சந்தேகம்” என்பாள் ராக்கு.

“ஏன்?”

“கெணத்தடிக்கே போகலங்கான். செருப்புல சகதி இருந்துச்சே, பாக்கலையா?”

“எனக்குச் செருப்பெல்லாம் தெரியலத்தா. கண்டுபிடிச்சா சரி.”

கொலைகாரன் மாட்டவேண்டும் என்று அந்த இன்ஸ்பெக்டரின் சம்சாரம்கூட என்னளவுக்கு வேண்டியிருக்கமாட்டாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் விலங்கைக் கையில் எடுப்பார். நான் எழுந்து உட்காருவேன். திங்கட்கிழமை கிணற்றில் இன்னொரு பிணம் மிதக்கும். அந்தக் கிணற்றில் தண்ணீரைவிட ஆள் அதிகம்.

மிளகாய் பழுத்தது. பறிப்பு தொடங்கியதால் காலையில் தூக்குச்சட்டியோடு கொல்லைக்குப் போனால் சாயங்காலம்தான் வீடு. இடுப்பு வேட்டி நழுவ ஆரம்பித்தது. ஒருநாள் மிளகாய் வியாபாரியைப் பார்க்க ராமநாதபுரம் போனவன் ஒரு ஓட்டல் வாசலில் நின்றேன். உள்ளே மீன் பொரிக்கிற வாசனை. ஒரு காலை உள்ளே வைத்தேன். கருப்பர் அரிவாளோடு கல்லாவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. ஏற்கெனவே பூவில் ஏமாற்றியவன். விரதத்தையும் முறித்தால் அவர் சும்மா விடுவாரா? காலை வெளியே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அன்று சாயங்காலமே முடிவு செய்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது. ஏமாற்றிப் போட்ட பூ செல்லாது. பூ செல்லாவிட்டால் விரதமும் செல்லாது. ராக்கு ரெண்டு திட்டுத் திட்டுவாள். மறுநாள் மீன் வரும்.

விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ராக்குவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ராக்கு, ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”

“ம்.”

“அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைப் பூத்தான் வச்சேன்.”

“தெரியும்.”

நிமிர்ந்து உட்கார்ந்தேன். “எப்படி?”

“நீங்க முன்னால நடந்தீகள்ல, வீடு வந்து சேருறதுக்குள்ள முனியசாமி அண்ணன் பிரிச்சுப் பாத்துட்டுப் போன் போட்டாக.”

“பெறகு ஏன் சொல்லல?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அந்த ரெண்டாவது பொணம் மெதந்துச்சா, கதை நல்லாருந்துச்சு. விட்டுட்டேன்.”

“அப்பப் பூவே செல்லாதுல்ல? விரதமும் இல்லேல்ல?”

“அதையும் அண்ணன்ட்ட கேட்டேன். நேரா வச்சவனுக்காச்சும் சாமி கொஞ்சம் பாவம் பாக்குமாம். கள்ளப்பூ வச்சவன் காரியம் முடியுற வரைக்கும் ரொம்பச் சுத்தமா இருக்கணுமாம். இல்லன்னா குடும்பத்துக்கு ஆகாதுன்னுட்டாக.”

தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆனாலும் அந்த நேரத்தில் என் மனசு இளகிவிட்டது. தப்புச் செய்தவன் நான். ஒரு தப்பும் செய்யாத இவளும் என்னோடு சேர்ந்து இத்தனை நாளாகப் புடலங்காயும் சுரைக்காயும் தின்றிருக்கிறாளே! அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“எனக்காக நீயும் வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தியே ராக்கு.”

விளம்பரம் முடிந்தது. இன்ஸ்பெக்டர் கிணற்றை எட்டிப் பார்த்தார். ராக்குவும் எட்டிப் பார்த்தாள்.

“நான் எதுக்குங்க வாயக் கட்டணும்? பூக் கேட்டது நீங்கதான? நான் எடுத்துத்தான குடுத்தேன்” என்று டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நீங்க கொல்லைக்குப் போனதும் மதார் வந்துட்டுப் போறான். இன்னைக்கு நகரை மீனு. மத்தியானமே பொரிச்சுச் சுடச்சுடத் தின்னுட்டேன்.”