மூச்சுக்குக் காவல்

ஓட்டப் பந்தயப் பட்டியலில் மகளின் பெயர் இருந்தது. இரண்டாம் வகுப்பு, ஐம்பது மீட்டர். அம்மா அதை மூன்று முறை படித்தாள்.

"என் பொண்ணுக்கு ஆஸ்துமான்னு தெரியும்ல டீச்சர்?"

"தெரியும்மா. ஓடலாம்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரே? ஓடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இன்ஹேலர் குடுத்தா போதும்னு."

"அவருக்கென்ன, எழுதிட்டுப் போயிடுவார். மூச்சு இழுக்குறப்ப பக்கத்துல உக்காந்திருக்கிறது நான்."

பெயரை அடிக்க டீச்சர் ஒப்பவில்லை. அம்மா வேறு வழி பார்த்தாள். டீச்சரிடம் ஏற்கெனவே ஒரு இன்ஹேலர் இருந்தது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று பள்ளி ஆயாவிடம் ஒன்று, விளையாட்டு மாஸ்டரிடம் ஒன்று கொடுத்துவைத்தாள். எப்போது, எப்படி என்று ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தாள். ஒன்பது பக்கம் வந்தது.

பந்தயத்தன்று மைதானத்துக்கு ஓடி வந்து கேட்டாள். "குடுத்தாச்சா?"

"ஆயா குடுத்திருப்பாங்களே," என்றார் டீச்சர்.

"மாஸ்டர்கிட்டல்ல இருக்கு?" என்றாள் ஆயா.

"நான் இன்னும் ஏழாம் பக்கத்துலதாங்க நிக்கிறேன்," என்றார் மாஸ்டர்.

அம்மா தன் கைப்பையிலிருந்து நாலாவதை எடுத்தாள். கோட்டருகே மகளை நிறுத்தி, குழாயைப் பொருத்தி, எண்ணிக்கொண்டே கொடுத்தாள். பக்கத்துக் கோட்டுப் பிள்ளைகள் "எனக்கும், எனக்கும்" என்று வாயைத் திறந்தார்கள். கிடைக்காத ஒருவன் அழுதான். அவனைப் பார்த்து மற்றவர்களும் அழுதார்கள்.

நேரமாகிறதே என்ற பதற்றத்தில் மாஸ்டர் பாக்கெட்டில் கைவிட்டு, விசிலென்று நினைத்து இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்திவிட்டார். அவர் விழித்த விழியில் அழுகை நின்று மைதானமே சிரித்தது. எல்லாரையும்விட மகள்தான் அதிகம் சிரித்தாள். சிரிப்பின் முடிவில் ஒரு இருமல் வந்தது. ஒன்றே ஒன்று.

பார்வையாளர் கயிற்றுக்கு வெளியே போய் நின்றிருந்த அம்மா அதைத் தாண்டிப் பாய்ந்தாள். கால் மாட்டியது. கயிறு கட்டியிருந்த கம்பு சாய, பந்தல் துணி தலைமை ஆசிரியையின் தலைமேல் இறங்கியது. தொடங்கும் முன்பே பந்தயம் நின்றது.

"இழுக்குதா கண்ணு?"

மகள் அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"லேசா," என்றாள்.

அவள் இல்லாமலே பந்தயம் நடந்தது. மரத்தடியில் மகளை மடியில் சாய்த்து, அம்மா முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். வேலையை விட்ட இந்த இரண்டு வருடத்தில் அவள் கை கற்றுக்கொண்ட வேலை அது ஒன்றுதான். முதுகு சீராகத்தான் ஏறி இறங்கியது. கைக்கு அது தெரிந்தது, மனம்தான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்படி மடியில் கிடக்கும்போது தனக்குள் இறங்குவது பயம் இல்லை, நிம்மதி என்று ஒரு கணம் பட்டது. அதை நினைக்கவே கூசியது.

மகள் தண்ணீர் குடிக்கப் போனாள். முன்பல் விழுந்த வகுப்புத் தோழி ஒருத்தி வந்து அருகில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, எங்க கிளாஸ்லயே அவதான் ஃபர்ஸ்ட்டா ஓடுவா. டெய்லி டீச்சர்கிட்ட இன்ஹேலர் வாங்கி அடிச்சிட்டு ஓடுவா. ஒண்ணுமே ஆகாது."

அம்மாவின் கை மடியில் சும்மா கிடந்தது.

"என்கிட்ட ஏம்மா அவ சொல்லவே இல்ல?"

"சொல்லக் கூடாதாம் ஆன்ட்டி. 'எனக்குச் சரியாயிடுச்சுன்னு தெரிஞ்சா எங்கம்மா பாவம், வீட்டுல தனியா என்ன பண்ணுவாங்க'ன்னு சொன்னா."