முதல்ல நீ நட

"எழுந்திருடி. பூங்காவைச் சுத்தி நடந்துட்டு வரலாம்."

"கால் வலிக்குதும்மா."

"படுத்தே கிடந்தா கால் வலிக்காம என்ன செய்யும்?"

சோபாவில் நீட்டிப் படுத்திருந்த பதினைந்து வயது மகள் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தையல் மெஷின் முன்னால் இருந்த அம்மா மிதிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். சில மாதம் முன்புவரை பள்ளி மைதானத்தில் மானாகத் துள்ளி ஓடிய பெண். திடீரென்று இப்படிச் சுருண்டுவிட்டாள். இந்த வயசிலேயே வியாதியை விலைக்கு வாங்கிவிடுவாளோ?

"முதல்ல நீ நட. அப்புறம் நான் வரேன்."

அம்மா பாதித் தையலை விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள். பூங்கா வாசல்வரை வந்த மகள் பெஞ்சில் சாய்ந்துகொண்டாள்.

"நீ சுத்தும்மா. நான் பாத்துட்டு இருக்கேன்."

அடுத்தது தீனித் தகராறு.

"பிஸ்கட் டப்பாவைக் கீழ வை. இந்தா, வெள்ளரிக்காய்."

"நீ மட்டும் டீயில முக்கி முக்கித் தின்னலாம், எனக்கு வெள்ளரிக்காயா?"

நியாயமான கேள்வி. அம்மா பிஸ்கட்டை விட்டாள். டீயில் சர்க்கரையையும் விட்டாள். மகள் ஒரு துண்டை முகம் சுளித்துக் கடித்துவிட்டு, டப்பாவோடு அறைக்குள் போய்விட்டாள்.

"சொன்னா கேக்குற ரகமில்ல அவ. செஞ்சு காட்டணும்" என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கணவர் தீர்ப்புச் சொன்னார்.

"அப்ப நீங்க செஞ்சு காட்டுறது."

செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

அம்மாவே செய்து காட்டினாள். மூச்சிரைக்க மாடிப்படி ஏறினாள். மகள் லிஃப்டில் போய்க் கதவைத் திறந்துவைத்தாள். அம்மா கயிறு தாண்டினாள், கூரை இடிகிறதா என்று கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் வந்தார். மகள் படுத்தபடியே எண்ணிக்கை சொன்னாள். அம்மா தன் உடுப்புகளையே பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. மகளோ சோபாவுக்கு உறையானாள்.

கடைசியில் அவளை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள்.

"சிஸ்டர், இவளைக் கொஞ்சம் என்னன்னு பாருங்க. என் உசிரே போகுது."

நர்ஸ் மகளை விட்டுவிட்டு அம்மாவின் விரலைக் குத்தினாள்.

"எனக்கு எதுக்கு? என் சர்க்கரை கிடக்குது கழுதை, அவளைப் பாருங்க."

போன தடவை மகளோடு வந்திருந்தபோது நர்ஸ் நடக்கச் சொன்னதற்கும் அம்மா இதையேதான் சொல்லியிருந்தாள்.

நர்ஸ் கருவியைப் பார்த்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"நீ போட்ட கணக்குத் தப்பலை கண்ணு, அம்மாவுக்குச் சர்க்கரை நல்லா எறங்கிடுச்சு, இனிமே நீ எழுந்து ஓடலாம்."