ஆட்சேபணை டிவி பார்த்த கதை

ஒருவருடைய கோபத்தை அவருக்காக நாம் எழுதிக் கொடுக்கும்போது அதில் கொஞ்சம் தண்ணீர் கலக்கலாமா? மோரில் கலக்கலாம். பாலில் கலந்தால் தப்பு. கோபம் எந்த வகை? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை என் தலையில் கட்டிய மனிதரைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல முடியும்.

சர்க்கார் நோட்டீஸ்களின் அடியில் 'ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்' என்று ஒரு வரி இருக்கும். அதை எழுதியவரே நம்பியிருக்க மாட்டார். இந்தத் தேசத்திலேயே அந்த வரியை முழுசாக நம்பிய ஒரே மனிதர் ஜவ்வாது மலையில், புதூர்நாட்டைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் இருந்தார். சாமை விதைப்பார். நாலு புளியமரம் வைத்திருந்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் பயன்படுத்தியதில்லை. ஊருக்கு அவர் 'ஆட்சேபணை'. அவர் மனைவிகூட, "எங்கூட்டு ஆட்சேபண காட்டுக்குப் போய்க்கீது" என்றுதான் சொல்வார்.

ஒரு நாளைக்கு இரண்டு தடவை வரும் பஸ்ஸை, நேரம் தவறி வந்ததற்காக அவர் கால் மணி நேரம் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார். பஸ் இன்னும் கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பும். அதற்கும் கண்டக்டரைத்தான் கேட்பார். பள்ளிக்கூடத்துக் கொடியேற்றத்தில் வந்திருந்த அதிகாரி, பேச்சை முடிக்கும்போது மரியாதைக்காக, "வேறு யாராவது பேசறீங்களா?" என்று கேட்டுவிட்டார். ஆட்சேபணை முக்கால் மணி நேரம் பேசினார். மிட்டாய் வெயிலில் உருகிவிட்டது.

பாதைக்கு, பஸ்ஸுக்கு, கிணற்றுக்கு என்று அவர் கொடுத்த மனுக்கள் ஏராளம். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. "முடியாதுன்னாவது ஒருத்தன் சொல்லட்டும்மா. நாம சொன்னது காதுல வுழுந்துச்சின்னு தெரியணும்ல?" என்று என்னிடம் ஒரு முறை சொன்னார். அவர் வேண்டியது அவ்வளவுதான்.

என் கணவர் அந்த ஊர்ப் பள்ளியில் ஆசிரியர். பஞ்சாயத்து கொடுத்த கறுப்பு வெள்ளை டிவி பள்ளியின் பெரிய அறையில், பூட்டுப் போட்ட மரப்பெட்டிக்குள் இருந்தது. சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. அதனால் டிவி பார்ப்பது எனக்குக் கடமை ஆகிவிட்டது. என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. கண் கெட்டுவிடுமோ என்று பள்ளிக்கூடத்து அளவுகோலை வைத்துப் பன்னிரண்டு அடி அளந்து பாய் போடுவேன். போட்ட பிறகு, பதினாலு அடியாக இருந்தால் நல்லதோ என்று இழுப்பேன். பிறகு சத்தம் கேட்காதே என்று திரும்ப முன்னால் தள்ளுவேன்.

"இன்னாம்மா, பாய தறி மாதிரி முன்ன பின்ன ஓட்டறே?" என்பார் ஆட்சேபணை. அவர் எனக்குப் பக்கத்தில், சுவரோரமாகக் குந்தியிருப்பார்.

டிவி வந்ததிலிருந்து அவருக்கு ஒரு வாரமும் ஓய்வில்லை. வானிலை அறிக்கையில், ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும் என்பார்கள். "ஆட்சேபண! ஓரிரு எடம்னா எந்த எடம்? பேர் சொல்லு! நா சாமைய அறுக்கறதா வேணாமா?" விவசாய நிகழ்ச்சியில் ஒரு நிபுணர் வருவார். "பேன்ட்டு போட்டுக்கினு வரப்புல நிக்கறான் பாரு. கால்ல சேறு ஒட்டுச்சா? வாரா வாரம் நெல்லு, கரும்பு. கீழ கீறவன்தான் சோறு துன்றானா? சாமைக்கு ஒரு வார்த்த உண்டா?" ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் அழுதுகொண்டிருந்த பெண்ணை ஊரைவிட்டுத் தள்ளி வைத்தார். ஆட்சேபணை எழுந்துபோய்ப் படத்தை மறைத்துக்கொண்டு நின்றார். "ரெண்டு பக்கமும் கேக்காம இன்னா தீர்ப்பு? எங்க மலையில இப்டி நடக்குமா?" அந்தப் பெண் என்ன ஆனாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

இந்திச் செய்திக்கு மட்டும் அடக்கமாக உட்கார்ந்திருப்பார். "புரியாததுக்கு ஆட்சேபண சொல்றது நியாயம் இல்ல."

டிவியில் அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை. மற்றவர்கள் தலையில் அடித்துக்கொள்ளும்போது அவர் முகம் மலரும். "இந்த டப்பாவுல மரியாத தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்."

இப்படி இருக்கையில் ஒருநாள், நேயர்களின் கடிதங்களைப் படித்துப் பதில் சொல்லும் நிகழ்ச்சி வந்தது. அவர் அதுவரை அதைப் பார்த்ததில்லை. எங்கோ ஒரு ஊர்க்காரர் ஏதோ குறை எழுதியிருந்தார். அறிவிப்பாளர் அதைப் படித்துவிட்டு, "கவனிக்கிறோம்" என்றார். ஆட்சேபணை மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இந்த டப்பாவுக்குக் காது கீதா?"

மறுநாள் காலை ஒரு பலாப்பழமும் நாலு அஞ்சலட்டையுமாக வாசலில் நின்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "நா சொல்றேன், நீ எழுது வாத்தியாரம்மா." நான் வாத்தியாரம்மா இல்லை, வாத்தியாரின் மனைவிதான் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அதற்கும் ஆட்சேபணை.

முதல் அட்டை விவசாய நிபுணரைப் பற்றியது. "தடிப்பயலே" என்று ஆரம்பித்தார். என் பேனா நின்றுவிட்டது. இது சர்க்கார் டிவி. என் கணவருக்குச் சர்க்கார் சம்பளம். கையெழுத்து என்னுடையது. மடியில் குழந்தை. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதினேன். அதற்குப் பிறகு வந்த வாக்கியத்தை அந்த மரியாதைக்குப் பொருத்தமாக மாற்ற வேண்டியதாயிற்று. அடுத்ததை அதற்குப் பொருத்தமாக. நாலு வாரத்தில் என் அட்டைகள் பாராட்டுக் கடிதங்களாகிவிட்டன.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. முடித்ததும், "படி" என்பார். 'நிகழ்ச்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்ற வரியின்மேல் கண்ணை வைத்துக்கொண்டு, "தடிப்பயலே, உனக்குச் சாமை தெரியுமா?" என்று மனப்பாடமாக வாசிப்பேன். அவர் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்பார். "அச்சு அசலா நா சொன்னதுதான். இன்னா எழுத்தும்மா உன்துது!" அன்றெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. அடுத்த வாரம் உள்ளபடி எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்வேன். அடுத்த வாரம் அவர் "டேய்" என்று ஆரம்பிப்பார்.

பிறகு அந்தப் பாட்டு வந்தது. வெள்ளிக்கிழமைப் பாடல்களில், பூத்துக் கிடந்த ஒரு வயலில் கதாநாயகனும் கதாநாயகியும், பின்னால் இருபது பேரும், குதித்துக் குதித்து ஆடினார்கள். ஆட்சேபணை பாதி எழுந்து நின்றார். அந்த மாதம்தான் காட்டுப்பன்றிகள் அவருடைய சாமையில் பாதியை மிதித்துப் போட்டிருந்தன.

"பூ எடுத்த பயிரும்மா அது. எவன் வெள்ளாம? கேட்டாங்களா? தெண்டம் கட்டனாங்களா? பன்னின்னா தகரம் தட்டி ஓட்டலாம். இவங்கள இன்னாத்த தட்டி ஓட்றது?"

அந்த அட்டையைச் சொல்லும்போது அவர் "டேய்" என்று ஆரம்பிக்கவில்லை. திட்டுகூட இல்லை, கேள்விகள்தான். அதை அப்படியே எழுதியிருக்கலாம். ஆனால் பழக்கமாகிப்போன என் கை தானாக ஓடியது. 'மஞ்சள் மலர்கள் நிறைந்த வயலில் படமாக்கப்பட்ட பாடல் கண்ணுக்கு விருந்து.' எங்கள் டிவியில் மஞ்சள் எங்கே தெரிந்தது? 'இதுபோன்ற பாடல்களை மீண்டும் மீண்டும் ஒளிபரப்ப வேண்டுகிறேன்.'

நேயர் கடித நிகழ்ச்சியில் அதைத்தான் படித்தார்கள்.

அறிவிப்பாளர் அவருடைய நிஜப் பெயரைச் சொன்னபோது, அது யார் என்று கூடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஜவ்வாது மலை என்றதும் ஐம்பது பேரும் நிமிர்ந்தார்கள். கண்ணுக்கு விருந்து, மீண்டும் மீண்டும் எல்லாம் வந்தது. கடைசியில் அறிவிப்பாளர் புன்னகையுடன், "உங்கள் விருப்பப்படி வரும் வெள்ளிக்கிழமை அதே பாடல் மறுபடி இடம்பெறும்" என்றார். ஆட்சேபணையின் வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த முதல் பதில் அது.

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. "யோவ் ஆட்சேபண, வெள்ளாமய இன்னொரு வாட்டி மிதிங்கன்னு நீயே எழுதிக் குடுத்தியா?"

அவர் எழுந்தார். முகம் கறுத்திருந்தது. "இது என் லெட்டரு இல்ல. மாத்திட்டானுங்க. வாத்தியாரம்மா எழுதிப் படிச்சிக் காட்டுச்சி, நா என் ரெண்டு காதால கேட்டேன். பட்டணத்துல எவனோ மாத்திக்கிறான். அம்மா, நீயே எழுந்து சொல்லும்மா."

ஐம்பது தலைகள் என் பக்கம் திரும்பின. நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். எந்த அறிவிப்பாளரும் மலையேறி வந்து மறுக்கப் போவதில்லை. ஆனால் அவர் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டதில் ஒரு துளி சந்தேகம்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தேன்.

"நான்தான் மாத்தி எழுதினேன் அண்ணா. எல்லா அட்டையையும்."

டிவியில் யாரோ சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள்.  பின்வரிசையில் ஒரு அம்மா ஆரம்பித்தார். "படிச்ச பொண்ணு செய்யற வேலயாடி இது?" இன்னொருவர், "அதான் அவ்ளோ பொறுமையா எழுதுச்சா!" என்றார்.

"சும்மா இருங்க," என்று ஆட்சேபணை கத்தினார். "அந்தம்மா பக்கத்த கேட்டீங்களா? சொல்லும்மா."

சொன்னேன். சர்க்கார் டிவி, சர்க்கார் வேலை, என் கையெழுத்து, பயம். சொல்லும்போதே எனக்கு அது அற்பமாகத் தெரிந்தது.

அவர் என் கணவரைப் பார்த்தார். "சாரு, நீ பயந்தியா?"

"எனக்கே இப்பத்தாங்க தெரியும்," என்றார் என் கணவர். அவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். உள்ளே சிரிப்புத்தான் என்று எனக்குத் தெரியும்.

ஆட்சேபணை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "பயந்ததுக்குத் தெண்டம் இல்ல. எழுதாதத எழுதுன மாதிரி படிச்சிச்சே, அதுக்குக் கீது. இங்கயே குந்திக்கினு, எல்லாரும் கேக்க, ஒரு எழுத்து கொறையாம எழுதணும்."

எழுதினேன். அவர் சொல்ல ஆரம்பித்ததும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "எங்க ஊரு பஸ்ஸு பத்தி எழுதும்மா." "டிவிக்காரனுக்கு இன்னாத்துக்குடா பஸ்ஸு?" "கொக்கு மாதிரி ஆடறானே, அவனுக்கு இடுப்பு வலிக்காதான்னு கேளு." ஒரு அட்டை போதாமல் மூன்று அட்டைகள் ஆயின. முதல் அட்டையில் ஒவ்வொரு வரிக்கும் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவதில் இடம் மிச்சமிருந்தது. குழந்தைகள் தூங்கும் நேரத்தில் ஏன் இவ்வளவு சத்தமாகப் பாட்டு என்று யாரும் சொல்லாமலே நானாக ஒரு வரி சேர்த்தேன். அதையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஆங், இப்ப சரி," என்றார்.

அந்த அட்டைகளுக்குப் பதில் வரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வந்தது. ஊரே தகர டப்பாவும் மூங்கில் குச்சியுமாகக் கூடத்தில் வந்து உட்கார்ந்தது. பாட்டு ஆரம்பித்து, கதாநாயகன் முதல் காலை வயலில் வைத்தானோ இல்லையோ, ஆட்சேபணை குரல் கொடுத்தார்.

"ஓட்டுங்கடா!"

ஐம்பது பேரும் தகரத்தைத் தட்டினார்கள். "ஹோய்! ஹோய்! ஓடு, ஓடு!" என் மகள் பால் டம்ளரைத் தரையில் மோதினாள். காது போய்விடுமே என்று அவள் காதைப் பொத்தப் போனேன். பிறகு நானும் பெட்டிச் சாவியால் பூட்டைத் தட்டினேன். பாட்டின் முடிவில் இருபத்திரண்டு பேரும் வயலைவிட்டு ஓடிப் படத்தைத் தாண்டி மறைந்தார்கள். கூடம் ஆரவாரித்தது. ஆட்சேபணை வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "தப்பிச்சிது," என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

எங்களுக்கு மாற்றல் வந்து கீழே இறங்கி இரண்டு வருடமாகிறது. புளி உலுக்கும் சமயத்தில் குழந்தையோடு வருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு புளிப் பருவம் போய்விட்டது. ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல், அடுத்த தடவை, முன்பு வராததற்கு அவர் திட்டுவாரே என்று எனக்குத் தைரியமில்லை.

போன வாரம் அவரிடமிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. உருண்டையான, அழகான கையெழுத்து. எங்களுக்குப் பிறகு அந்த ஊருக்குப் போன ஆசிரியரின் மனைவியாக இருக்க வேண்டும். 'இங்கு அனைவரும் நலம். தாங்கள் வராதது குறித்து எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. தங்கள் சௌகரியம்போல் வரவும்.'

நாலு தடவை படித்தேன். அந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்திருக்கவே முடியாது. என்னை நன்றாகத் திட்டியிருக்கிறார். அந்தப் பெண் பயந்துபோய் மாற்றிவிட்டாள். நல்ல பெண்ணாகத்தான் இருப்பாள், அவளைக் காட்டிக் கொடுக்கவும் மனசில்லை. ஆனால் அவர் சொன்ன திட்டு என்னுடையது, அது எனக்கு ஒரு எழுத்து குறையாமல் வேண்டும். யாரையும் நோகடிக்காமல் அதை எப்படிக் கேட்டு வாங்குவது? வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.