ராக் ஆணி சூட்

சந்திரமௌலி ஒரு தீர்மானத்துக்கு வந்தார். பெண்டாட்டியிடம் முழுசாக ஒரு பொய் சொல்லிவிடுவது. இதுவரை சொன்னதெல்லாம் அரைப் பொய், கால் பொய். அதற்கே பாமா அவர் முகத்தைப் பார்த்து, "சரி, இப்போ நிஜத்தைச் சொல்லுங்கோ" என்றுவிடுவாள். இந்தத் தடவை பொய் முழுசாக இருக்க வேண்டும், ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும்.

காரணம், சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருந்த ஒரு நோட்டீஸ். ஆகுர்டியில் அவர் தரக்கட்டுப்பாடு பார்க்கும் தொழிற்சாலை வாசலில் யாரோ கொடுத்தது. எல்லாம் மராத்தி. மேலே கொட்டை எழுத்தில் மூன்று வார்த்தை: 'ராக் ஆணி சூட்'. ராக் என்றால் கோபம். ஆணி என்றால் 'உம்'. சூட் என்றால் பழி. கோபமும் பழியும். புனே நகரத்துக்குள் ஒரு சினிமா சங்கம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதே பழைய பழிவாங்கும் படங்களைத் திரையிடுகிறது. பட்டியலில் மூன்றாவது, அந்தப் படம்.

அந்தப் படம் ஒரு கறுப்பு வெள்ளை வெள்ளைக்காரப் படம். கதாநாயகனின் அண்ணனை யாரோ கொன்றுவிடுகிறார்கள். கொன்ற ஆளுக்கு முகம் பூரா கறுப்புத் துணி. கதாநாயகன் பல்லைக் கடித்துக்கொண்டு படம் முழுக்கத் தேடுகிறான். கடைசியில் பிடிக்கிறான். துணியை அவிழ்க்கிறான்.

உள்ளே யார்? அது சந்திரமௌலிக்குத் தெரியாது. காலேஜ் படிக்கும்போது திருச்சியில் பார்த்தார். கை துணியைத் தொட்டது, கரண்ட் போய்விட்டது. கல்யாணமான புதிதில் வீடியோ கேசட் எடுத்து வந்தார். கை துணியைத் தொட்டது, டேப் சிக்கிக்கொண்டது. அப்புறம் கேபிளில் போட்டான். கை துணியைத் தொட்டது, கோயமுத்தூரிலிருந்து மைத்துனன் விச்சு போன் பண்ணி, "அத்திம்பேர், சௌக்கியமா?" என்றான். சௌக்கியம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினால் திரையில் 'முற்றும்'. விச்சுவை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. தூங்குவதற்கு முன்னால் அந்தத் துணிக்குள் ஒவ்வொரு முகமாக வைத்துப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகவே ஆகிவிட்டது. பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது.

அதற்குத்தான் பாமா தடை போட்டிருந்தாள். அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. பழிவாங்கும் படம் பார்த்தால் இவருக்கு இரண்டு நாளைக்கு அது இறங்காது. போன தடவை ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு நேரே குடியிருப்பு சொஸைட்டி சேர்மன் வீட்டுக்குப் போனார், தண்ணீர் வராத விஷயமாக. கண்ணைச் சிவக்க வைத்துக்கொண்டு, "மை தும்கோ நஹி சோடூங்கா" என்றார். உன்னை விடமாட்டேன் என்று அர்த்தம். சேர்மன் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு, கட்டிப்பிடித்து, இவரைக் கமிட்டியில் போட்டுவிட்டார். தண்ணீர் வரவில்லை. பிரஷர் மட்டும் ஏறியது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், ஊறுகாயை நிறுத்தச் சொன்னார், கோபத்தை விடச் சொன்னார். பழிவாங்கும் படத்தை பாமாவே சேர்த்துக்கொண்டாள்.

"இனிமே ஒரு படம் பார்த்தேள், இந்த ஆத்துல டிகாக்ஷன் இறங்காது. காப்பி மேல சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினார். தெய்வத்தின் மேல் என்றால் ஏதாவது பரிகாரம் இருக்கும். காப்பிக்குப் பரிகாரம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனது. சந்திரமௌலி நோட்டீஸை வெளியே எடுத்தார்.

"பாமா, சாயங்காலம் டவுன்ல, டெக்கன் பக்கம் ஒரு கச்சேரி. போலாம்னு பார்க்கறேன்."

பாமா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "கச்சேரியா? நீங்களா?"

"ஏன், நான் பாட்டு கேக்கப்படாதா? டாக்டரே மனசை அமைதியா வச்சுக்கச் சொல்லியிருக்கார். இதோ பாரு, 'ராக்'னு போட்டிருக்கு. ராகம்!"

அவருடைய சாமர்த்தியம் முழுக்க இந்த ஒரு வார்த்தையில் இருந்தது. பாமாவின் மராத்தி காய்கறிக் கூடையைத் தாண்டாது என்பது அவர் கணிப்பு. கத்திரிக்காய்க்கு வாங்கி, வெண்டைக்காய்க்கு பேண்டி. அதற்கு மேல் அவளுக்கு என்ன தெரியப் போகிறது?

பாமா நோட்டீஸை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தாள். "ராக் சரி. அடுத்தாப்ல ஆணின்னு இருக்கே. கச்சேரில ஆணி எதுக்குன்னா?"

"ஆணியா? அது... தம்புரால இருக்குமே, சுருதி சேக்கத் திருகுவாளே, அது."

"அது பிருடைன்னா சொல்லுவா."

"மராத்தில ஆணி."

"ஓஹோ. அப்புறம் சூட்?"

"சூடா காப்பி தருவா போலிருக்கு."

பாமா ஒரு கீரைத்தண்டை மடக்கென்று உடைத்தாள். அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"யார் பாடறா?"

"கோலாப்பூர்லேர்ந்து ஒருத்தர்."

"பேரு?"

"அதை... கச்சேரி முடிஞ்சப்பறம்தான் சொல்லுவா."

"பேஷ். நானும் வரட்டுமா?"

சந்திரமௌலி சிரிக்க முயன்றார். உதடு ஒரு பக்கம்தான் போயிற்று. "வாயேன்" என்று சொன்ன குரல் அவருடையது மாதிரியே இல்லை.

பாமா அவரையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கீரைக்குத் திரும்பினாள். "வேண்டாம், எனக்கு வேலை இருக்கு. நீங்க போய்ட்டு வாங்கோ."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பான்ட்டை எடுக்கப் பீரோவைத் திறந்தார்.

"ஏன்னா, கச்சேரிக்குப் பான்ட் போட்டுண்டா போவா? மயில்கண் வேஷ்டி இருக்கே, அதைக் கட்டிக்கோங்கோ."

கட்டிக்கொண்டார். ஜிப்பா வந்தது. அங்கவஸ்திரம் வந்தது. விபூதி வந்தது. வித்வானுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு தேங்காயும் வெற்றிலை பாக்கும் பையில் வந்தது. ரத்தம் தெறிக்கும் படத்துக்கு மனுஷர் பிள்ளைக்குப் பெண் பார்க்கப் போகிறவர் போலக் கிளம்பி நின்றார். போகட்டும், ஹாலில் இருட்டுத்தானே?

செருப்பை மாட்டும்போது கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டு ராஜஸ்ரீ, அசல் புனேக்காரி. கையில் கிண்ணம். உள்ளே பார்த்தவள் வேஷ்டியைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாமாதாயி, சாஹேபாஞ்சா ராக் கேலா கா?"

சாரின் கோபம் போயிற்றா என்று கேட்கிறாள். ராக்! அதே ராக்! பாமாவுக்குப் புரியாது, புரியக் கூடாது, பகவானே புரியக் கூடாது.

"நாஹி கோ!" என்றாள் பாமா, தண்ணீர் பட்ட பாடாக. "தே ராக் ஐகாயலா சாலலே!"

இல்லைடி, அவர் கோபத்தைக் காதால் கேட்கப் போகிறாராம். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கிண்ணத்தில் இருந்த ஸ்ரீகண்டு இனிப்பு சிந்தாமல் இருந்ததே பெரிய காரியம்.

"பாமா... உனக்கு மராத்தி..."

"பின்னே? உங்களாட்டம் 'கித்னா'ன்னு கேட்டுட்டு அவன் சொன்னதைக் கொடுத்துட்டு வரேனா? தினம் மண்டில நின்னு சண்டை போடறது எந்த பாஷைலன்னு நினைச்சேள்? நான் கத்துண்ட முதல் மராத்தி வார்த்தையே ராக்தான். உங்களைப் பத்தி அக்கம்பக்கத்துல சொல்ல அதுதானே வேண்டியிருந்தது!"

சந்திரமௌலி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். காப்பி போயிற்று. படமும் போயிற்று. இனி அந்தத் துணி இந்த ஜன்மத்தில் அவிழாது. கண்ணில் நிஜமாகவே நீர் முட்டியது.

"அசடு மாதிரி நிக்காதேங்கோ. கிளம்புங்கோ, நாழியாச்சு."

"எங்கே?"

"படத்துக்குத்தான். நான் தடுக்கலை. காப்பியும் நிக்காது."

அவர் காதை அவராலேயே நம்ப முடியவில்லை. "நிஜமாவா?"

"நிஜமா. இவ ஆத்துக்கும் அந்த நோட்டீஸ் வந்திருந்தது. நேத்திக்கு நீங்க ஃபாக்டரி போனப்பறம் ரெண்டு பேருமாப் போய்ப் பார்த்துட்டு வந்தோம். உங்க பிரஷர் தாங்குமான்னு எனக்குத் தெரியணுமோல்லியோ? தாங்கும். ஒண்ணும் மோசமில்லை. அந்த ஹீரோவோட பொண்டாட்டிதான் பாவம், படம் பூரா அவனுக்கு சூப் வச்சுக் கொடுத்துண்டே இருக்கா."

ராஜஸ்ரீ தமிழ் புரியாமலே தலையை ஆட்டினாள்.

சந்திரமௌலிக்குள் சந்தோஷம் பொங்கியது. பொங்கின வேகத்தில் அடங்கியது. பார்த்துவிட்டாள். முடிவு அவளுக்குத் தெரியும். இதோ அந்த வாய்க்குள், நாக்கு நுனியில் இருக்கிறது.

"பாமா, சொல்லிடாதே!"

"எதை?"

"துணிக்குள்ள யாருன்னு. உன் கால்ல வேணா விழறேன்."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்?" என்றாள் பாமா. அந்தக் குரலில் இருந்த இனிப்பு அவரை நடுங்க வைத்தது. "ஆணின்னா பிருடைன்னு நீங்க எனக்குச் சொல்லிக் கொடுத்தேள். பதிலுக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டாமான்னுதான் யோசிக்கறேன்."

அவர் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு ஓடினார். மாடிப்படியில் ஓடினார். கேட்டைத் தோளால் தள்ளினார். பை முழங்கையில் தொங்கியது, உள்ளே தேங்காய் விலாவில் இடித்தது. விரலை எடுக்கவில்லை. தெருமுனையில் ஒரு ஆட்டோ நின்றது. பாய்ந்து ஏறினார். ஆட்டோக்காரன் திரும்பி ஏதோ கேட்டான். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. "ஸ்டேஷன்! ஸ்டேஷன்!" என்று கத்தினார். அவன் விடாமல் ஏதோ கேட்டான். தலையை ஆட்டினார். மறுபடியும் கேட்டான். எந்த ஸ்டேஷன் என்கிறானா? போலீஸ் ஸ்டேஷன் என்று நினைத்துவிட்டானா? எட்டிப்பார்த்தால் இரண்டாம் மாடி பால்கனியில் பாமா சும்மா நின்றுகொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. கைகூட ஆட்டினாள், பாவம்.

சந்திரமௌலி ஒரே ஒரு விரலை எடுத்தார்.

"ஏன்னா!" அந்தக் காலனி முழுக்கக் கேட்டது. ஆனால் அங்கே அவளைத் தவிர தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். "துணிக்குள்ள இருக்கறது அவன் பொண்டாட்டிதான்!"