குரங்கின் மூளையும் கூரை மின்விசிறியும்

பயந்துபோன தகப்பனின் கையில் இணைய வசதியுள்ள தொலைபேசி இருக்கக் கூடாது. நான் படிப்பிப்பது புவியியல். ஆனாலும் போன வருடம் சில கிழமைகளுக்குள் மூளையைப் பற்றி அரைகுறையாக எல்லாம் படித்து முடித்துவிட்டேன். (அரைகுறை என்பது இப்போது சொல்வது. அப்போது நான் நிபுணன்.)

காரணம் என் மகள் சங்கவி. பதின்மூன்று வயது. பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நின்றுவிடுவாள். கண் திறந்தபடி இருக்கும், ஆள் இருக்கமாட்டாள். சில நொடிகளில் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். குருக்கள்மடத்திலிருந்து வாவியைக் கடக்கும் 'பாதை'யில், அந்தத் தட்டையான படகின் ஓரத்தில், ஒருநாள் அப்படி நின்றாள். பிடி தளர்ந்தது, சைக்கிள் தண்ணீருக்குள் போனது. அவளும் போயிருப்பாள்.

வலிப்பாக இருக்குமோ என்று பார்க்க, மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொன்னார் டாக்டர். முழுகிவிட்டு வர வேண்டும், தலையில் எண்ணெய் கூடாது என்றார்கள். மனைவி முழுக வார்த்தாள். புறப்படும்போது அந்த வறண்ட தலையைப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. மூளைக்குச் சூடு ஆகாதென்று உச்சியில் ஒரு கை நல்லெண்ணெய் வைத்துவிட்டேன்.

வயர் முனைகள் தலையில் ஒட்டவில்லை.

"எண்ணெய் வெச்சது ஆரு?" என்று கேட்டார் பதிவு எடுக்கும் காத்தான்குடி இளைஞர்.

மகள் கண்ணாலேயே என்னைக் காட்டிக்கொடுத்தாள். அவர் பஞ்சும் ஸ்பிரிட்டுமாகத் துடைக்கத் துடைக்க, என் பதற்றம் வாய் வழியே வெளியேறத் தொடங்கியது.

"தம்பி, குரங்குட நரம்புக்கலமெல்லாம் கிட்டத்தட்ட ஒரே சங்கதியத்தான் சேர்ந்து சொல்லுமாம். ஒண்டு பிழைச்சாலும் மத்தது காப்பாத்தும். மனிசனுக்கு ஒவ்வொண்டும் வேற வேற சொல்லும். நிறையச் சொல்லலாம், ஆனா லேசாப் பிழைச்சிரும்."

"ஓம் சேர்."

"நம்மட பிள்ளைக்கும் கொஞ்சம் குரங்குத்தனம் இருந்திருந்தா நல்லம்."

"சேர், பதிவு தொடங்கிட்டன். கதைக்கப்படாது."

நிறுத்தினேனா? குரலை மட்டும் தாழ்த்தினேன். கிளைக்குக் கிளை தாவும்போது குரங்கின் கலங்கள் கோரஸாகத் தூரம் கணிக்கும் விதத்தை (இது என் சொந்தக் கண்டுபிடிப்பு) விளக்கினேன். அப்போதுதான் திரையில் கோடுகள் எல்லாம் ஒன்றாகத் துள்ளின. வலிப்பென்றால் கலங்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் கத்துவது என்றும் படித்திருந்தேன்.

"ஐயோ, என்ட பிள்ள" என்றேன். அதன்பின் நினைவில் இருப்பது கூரை மின்விசிறி.

"அப்பா, எழும்புங்க. எனக்கு ஒண்டுமில்ல."

"பிள்ள சிரிப்ப அடக்கப் பல்லக் கடிச்சவ சேர்," என்றார் இளைஞர், என் கால்களை உயர்த்திப் பிடித்தபடி. "தாடை இறுகினா கோடு அப்பிடித்தான் துள்ளும். நீங்க வெளியில இரிங்க."

நான் இல்லாமல் எடுத்த பதிவில்தான் விசயம் தெரிந்தது. வலிப்புத்தான், சிறிய வகை, மாத்திரையால் அடங்கும் என்றார் டாக்டர். அடங்கியும் வருகிறது. ஆனாலும் வாவியைக் கடக்க அவளைத் தனியே விடுவதில்லை.

இப்போதும் அவள் பேச்சை நடுவில் நிறுத்தினால், "சங்கவி" என்பேன். வீடே காத்திருக்கும்.

"சிரிப்ப அடக்குறன் அப்பா" என்பாள், பல்லைக் கடித்துக் காட்டி.

இதுவரை அது உண்மையாகத்தான் இருந்திருக்கிறது.