பூங்காவனம் வளர்த்த மூன்று வாத்துக்குஞ்சுகள்

ஒரு காட்டில், செல்போன் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற மேட்டுப் பக்கமாக, பூங்காவனம் என்றொரு காட்டுப்பூனை குடியிருந்தாள். தனிக்கட்டை. உடம்பை நாளைக்கு ஆறு தடவை நக்கிச் சுத்தம் செய்வாள். குகையை ஏழு தடவை பெருக்குவாள். காலைத் துடைக்காத காற்றைக்கூட உள்ளே விடமாட்டாள் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வார்கள்.

ஒருநாள் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தாள். மஞ்சள் மஞ்சளாக மூன்று வாத்துக்குஞ்சுகள் ஒரு பீங்கான் கிண்ணத்தில் நீந்தின. முப்பதே விநாடி. அதையே நாற்பது தடவை பார்த்தாள். மறுநாள் சந்தைக்குப் போய் மூன்று குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வாங்கி வந்தாள்.

எதிர்க்குகை நரி தர்மலிங்கம் பெட்டியை எட்டிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமைக்கா?"

"சீ, வளர்க்கறதுக்கு."

"வளர்ந்ததும் சொல்லுங்க" என்றுவிட்டுப் போனார்.

வீடியோவில் காட்டாததெல்லாம் அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. குஞ்சுகள் ஒரு வாய் தவிடு தின்னும், உடனே அலகைத் தண்ணீரில் முக்கும், மறுபடி தவிடு, மறுபடி தண்ணீர். அரை மணியில் தவிடு சேறாகிச் சுவர் வரை தெறித்திருந்தது. பிறகு குடிக்கிற கிண்ணத்திலேயே ஏறிக் குளித்தன. கழிவதற்கு நேரங்காலம் கிடையாது. நடந்துகொண்டே, தூங்கிக்கொண்டே, அவள் முகத்தைப் பாசமாகப் பார்த்துக்கொண்டே கழிந்தன. அவள் துடைத்துக்கொண்டே முன்னால் போக, அவை கழிந்துகொண்டே பின்னால் வந்தன. ஒரு நிமிடம் அவள் கண்ணுக்கு மறைந்தால் போதும், மூன்றும் சேர்ந்து காட்டையே எழுப்பும்.

மூன்றாம் நாள் தானும் ஒரு வீடியோ எடுக்க ஆசைப்பட்டு அவற்றை நீந்தவிட்டாள். தாய் வாத்தின் இறகெண்ணெய் மேலே படாத குஞ்சுகள் ரொம்ப நேரம் நீந்தினால் தண்ணீரில் ஊறிப்போகும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? கடைக்குட்டி நனைந்த பஞ்சாகச் சுருண்டு விறைத்தது. பூங்காவனம் பதறி வாரி எடுத்தாள். அதை வயிற்றோடு அணைத்து, பொழுது முழுக்க நக்கி நக்கிச் சூடேற்றினாள். நக்கும்போது நாவில் எச்சில் ஊறியது உண்மைதான். விழுங்கிக்கொண்டாள், எச்சிலை மட்டும். சாயங்காலம் குஞ்சு கண் திறந்து, அவள் மடியிலேயே கழிந்தது.

இது நமக்கு ஆகாது என்று மறுநாள் காலை வன அலுவலகத்துக்குக் கிளம்பினாள், குஞ்சுகளை அங்கே ஒப்படைக்க. மூன்று குஞ்சுகளும் நூல் பிடித்தாற்போல் பின்னால் வந்தன. கிளார்க் கரடி சபாபதி ஒரு படிவத்தை எடுத்தார்.

"இதுங்களோட அம்மா யாரு?"

"தெரியாதுங்க சார்."

சபாபதி குஞ்சுகள் பக்கம் குனிந்தார். "அம்மா எங்க பாப்பா?"

மூன்றும் பூங்காவனத்தை நோக்கி அலகை நீட்டின.

"பெத்த புள்ளைங்களை நாங்க எடுத்துக்க விதி இல்லம்மா."

"சார், நான் பூனை."

"அதுக்கு ஏழாம் நம்பர் படிவம். இங்க கிடையாது."

வேறு வழியில்லாமல் வீடு திரும்பினாள். முன்னால் அவள், பின்னால் நேர்கோடாக மூன்று குஞ்சுகள். வழியில் ஒரு முயல் பார்த்தது. வரிசை என்றால் ஏதோ கொடுக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? சேர்ந்துகொண்டது. முயலுக்குப் பின்னால் ஒரு மான். மானுக்குப் பின்னால் முள்ளம்பன்றிக் குடும்பம். தர்மலிங்கம் எல்லாரையும் இடித்துத் தள்ளிவிட்டு, கடைக்குட்டிக்குப் பின்னால் வந்து நின்றார். குகை வாசலில் பூங்காவனம் திரும்பிப் பார்த்தபோது நாற்பது பேர் நின்றார்கள்.

"இங்க என்ன குடுக்கறாங்க?" என்று முயல் கேட்டது.

"வாத்துக்குஞ்சு" என்றார் தர்மலிங்கம். "எனக்கு மூணு போதும்."

பூங்காவனத்துக்கு ஒரு கணம் மனசு தடுமாறியது. தலையை ஆட்டினால் போதும், குகை சுத்தமாகிவிடும். கடைக்குட்டி மெல்ல அவள் வாலுக்கடியில் நுழைந்துகொண்டது. அவள் நகத்தை நீட்டிப் பார்த்தாள். தர்மலிங்கம் அவளைப்போல் இரண்டு மடங்கு. மல்லுக்கு நின்றால் தாங்காது. நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினாள்.

"ஸ்டாக் இல்ல. நாளைக்கு வாங்க."

மூன்று குஞ்சுகளும் எல்லார் கண்ணெதிரிலும்தான் நின்றன. ஆனால் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நாற்பது பேரும் பெருமூச்சு விட்டுக் கலைந்தார்கள். தர்மலிங்கம் மட்டும் நாலடி போய்த் திரும்பி, "காலையில எத்தனை மணிக்குங்க திறப்பீங்க?" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டு போனார்.

நீதி: நகத்தாலும் பல்லாலும் காப்பாற்ற முடியாத பிள்ளையை, ‘ஸ்டாக் இல்லை’ என்ற ஒரே சொல் காப்பாற்றும்.